இரட்டைக் குழந்தைகளுக்குப் பிறந்தநாள்: வீட்டிலோ ஹாலிலோ நடத்துவது எப்படி?

இரட்டைக் குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடுவது ஒரு விதத்தில் சுலபம். மொட்டை, காதுகுத்து, சொந்தபந்தம், பந்திச் சாப்பாடு என்று அது பெரியவர்களின் விசேஷமாகவே நடந்து முடிந்துவிடும். பிள்ளைகள் பாதி நேரம் யார் தோளிலாவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். 3 வயதைத் தாண்டிய பிறகுதான் நிலைமை மாறும். "இன்னைக்கு என் பர்த்டே" என்று இரண்டு பேரும் சொல்லத் தொடங்குவார்கள். 3 முதல் 6 வயதுவரை உள்ள இரட்டையருக்கு முதன்முறையாகப் பிறந்தநாள் விழா நடத்தப்போகும் பெற்றோர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஊர் சென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கும் கோவைக்கும் பெரிதாக எதுவும் மாறாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. சமையல், அலங்காரம், விருந்தாளிகள் எல்லாம் பொதுவாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கே தனக்கென்று சில நிமிடங்கள் அந்த நாளில் கிடைத்தாக வேண்டும். தன் பெயரைச் சொல்லி ஒரு வாழ்த்து, தனி மெழுகுவர்த்தி, தான் மட்டும் இருக்கும் ஒரு போட்டோ. வருடம் முழுக்க அம்மா மடியிலிருந்து அலமாரித் தட்டுவரை எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டு வளரும் பிள்ளைகள் அவர்கள். கீழே சொல்லும் பாதி யோசனைகள் இதிலிருந்து வந்தவைதான்.

தேதியும் நேரமும்

ஒரு மாதம் முன்பே தினசரிக் காலண்டரைப் பாருங்கள். பிறந்தநாளை ஒட்டி வரும் ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால் ஹால், சமையல்காரர், பூ, வேன் என எல்லாவற்றுக்கும் கிராக்கி. சொந்தக்காரர்களும் ஏதாவது கல்யாணத்தில் இருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பிறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இதில் ஒரு வசதி: கல்யாணம் நடக்காத மாதங்கள் என்பதால் ஹால் எளிதில் கிடைக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கவும் முடியும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் மொட்டை மாடியை நம்பி யாரையும் அழைக்காதீர்கள். மே மாதத்தில் வெயில் ஒரு பக்கம், பள்ளி விடுமுறை மறுபக்கம். வகுப்பு நண்பர்களில் பாதிப்பேர் பாட்டி ஊருக்குப் போயிருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பிறந்தநாளன்று வீட்டில் பாயசம் வைத்துவிட்டு, நண்பர்களுக்கான விழாவை ஜூனில் பள்ளி திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நட்சத்திரப் பிறந்தநாள் பார்க்கும் வீடாக இருந்தால், கோயில் அர்ச்சனையும் எண்ணெய்க் குளியலும் அந்த நாளுக்கு. கேக்கும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைக்கு. இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் வாடிவிடும். ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீடிப்பதால் இரட்டையருக்குப் பெரும்பாலும் ஒரே நட்சத்திரம்தான் இருக்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில் பிறந்திருந்தால் மட்டும் வேறுபடலாம், ஜாதகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் அர்ச்சகரிடம் இரண்டு பெயரையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். தன் பெயர் சன்னிதியில் ஒலிப்பதை 4 வயதுக் குழந்தை கவனிக்கும். வீட்டில் ஆரத்தி எடுக்கும்போதும் இரண்டு மணை போடுங்கள்.

நள்ளிரவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிறந்தவர்களுக்குத் தேதியே வேறு. விழா ஒன்று போதும். ஆனால் அவரவர் தேதியில் அவரவருக்குப் பிடித்த இனிப்பை வீட்டில் செய்து, அன்றைக்கு அந்தப் பிள்ளையை மட்டும் வாழ்த்துங்கள்.

நேரத்துக்கு வருவோம். இந்த வயதில் மாலை 4.30 மணிக்குத் தொடங்கி 6.30 மணிக்கு முடிப்பது நல்லது. மதியத் தூக்கம் முடிந்திருக்கும், ராத்திரித் தூக்கம் இன்னும் வந்திருக்காது. நம் ஊரில் 6 மணி என்று போட்டால் 7.30 மணிக்குத்தான் ஆள் சேரும், கேக் வெட்ட 8.30 ஆகிவிடும், அதற்குள் இரண்டில் ஒன்று அழ ஆரம்பித்திருக்கும். ஒன்று அழுதால் மற்றது சும்மா இருக்காது. தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் அழைப்பில் போடுங்கள். விழா தொடங்கிய முக்கால் மணி நேரத்துக்குள் கேக்கை வெட்டிவிடுங்கள். டிராஃபிக்கில் மாட்டிய பெரியப்பா வந்து சேரட்டும் என்று பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டாம். அவர் வந்ததும் ஒரு துண்டைக் கையில் கொடுத்து, பிள்ளைகளோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தால் சரியாகிவிடும்.

யாரை அழைப்பது

இரட்டையரைச் சில பள்ளிகளில் ஒரே வகுப்பில் வைப்பார்கள், சில பள்ளிகளில் ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரித்துவிடுவார்கள். பிரித்திருந்தால் நண்பர் பட்டியலும் இரண்டாகும், வகுப்பில் மிட்டாய் கொடுப்பதென்றாலும் இரண்டு பையாகும். (மிட்டாய்க்கு அனுமதி உண்டா என்று முதலில் டைரியைப் பாருங்கள், பென்சில், அழிப்பான் மட்டும்தான் என்று சொல்லும் பள்ளிகள் இப்போது நிறைய.) ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, "உனக்கு யார் யார் வரணும்?" என்று கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் வாயாடிப் பிள்ளைதான் பதில் சொல்லும், மற்றது தலையாட்டும். ஆளுக்கு 5 அல்லது 6 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12 குழந்தைகளை அழைத்தால் 12 பேர் வருவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். 4 வயதுக் குழந்தை அம்மாவோ அப்பாவோ இல்லாமல் வராது. சிலருக்கு அண்ணனோ கைக்குழந்தையோ கூடவே வரும். எனவே 12 பேரை அழைத்தால் 28 முதல் 30 பேருக்குச் சாப்பாடு வேண்டும், ரிட்டன் கிஃப்ட் 16 வேண்டும். இதோடு சொந்தக்காரர்களையும் சேர்த்தால் 70 தாண்டும். என் யோசனை: சொந்தக்காரர்களுக்கு வேறொரு நாளில் மதியச் சாப்பாடு, நண்பர்களுக்கு ஞாயிறு மாலை. இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரே பெரிய விழாவுக்கு ஆவதைவிட அதிகமாகாது. தாத்தா பாட்டியும் பிள்ளைகளோடு நிதானமாக உட்காரலாம்.

அழைப்பு வாட்ஸ்அப்பில் போதும். இரட்டையருக்கான அழைப்பில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: இரண்டு பெயர், பரிசு பற்றி ஒரு வரி. இப்படி எழுதலாம்:

"எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் 4 வயது நிறைகிறது. வரும் ஞாயிறு மாலை 4.30 முதல் 6.30 வரை எங்கள் குடியிருப்பின் ஹாலில் விளையாட்டும் கேக்கும் டிஃபனும். குழந்தைக்கு முட்டை, பால், கடலை போன்று ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பரிசு எதுவும் வேண்டாம். கொண்டுவர ஆசைப்பட்டால் இருவரும் சேர்ந்து படிக்க ஒரு கதைப் புத்தகம் போதும்."

அந்தக் கடைசி வரி வருகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. இரட்டையர் வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போவதா, இரண்டா என்று தயங்காதவர்கள் இல்லை.

வீடா, வெளியிலா

15 பேர்வரை என்றால் வீடுதான் நல்லது. அது பிள்ளைகளுக்குப் பழகிய இடம். மிரண்டால் ஒளிந்துகொள்ள அவர்கள் அறை இருக்கிறது. வீட்டில் நடத்துவதென்றால் ஒரு அறையைப் பூட்டிவிடுங்கள். மருந்து, இஸ்திரிப் பெட்டி, கத்தி, மடிக்கணினி எல்லாம் அதற்குள் போகட்டும். பால்கனிக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு உயிரான பொம்மைகள் இரண்டு மூன்று இருக்குமே, அவற்றையும் முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள். பிறந்தநாளன்று அதை வேறொரு குழந்தை எடுத்து விளையாடும்போது "ஷேர் பண்ணு" என்று சொல்லிப் பயனில்லை.

25 பேருக்கு மேல் போனால் குடியிருப்புச் சங்கத்தின் ஹால், பக்கத்து மினி ஹால், ஹோட்டலில் உள்ள பார்ட்டி அறை, மால்களில் இருக்கும் குழந்தைகள் விளையாட்டு மையம் என்று போகலாம். நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மாலை நேரத்திலேயே போங்கள். காலையில் குளுகுளு என்று இருக்கும் ஹால் மாலை வெயிலில் கொதிக்கலாம். ஜெனரேட்டர் உண்டா, ஏசி கட்டணம் தனியா, அலங்காரம் செய்ய எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள், வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா, கூட்டிப் பெருக்க யார், நேரம் தாண்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். மேடை இருந்தால் அதற்குக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். கழிவறையை அவசியம் திறந்து பாருங்கள். கதவுக்கு நேராகச் சாலை இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஆளுக்கொரு திசையில் ஓடும் இரண்டு பிள்ளைகளின் பின்னால் ஒரே ஆள் ஓட முடியாது.

விளையாட்டு மையங்களில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. பெரியவர்களும் அந்தக் கணக்கில் வருவார்களா, நம் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டணமா, வாரநாளில் குறைவா என்று கேளுங்கள். சாக்ஸ் கட்டாயம் என்றால் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே உள்ள நன்மை, வேலை குறைவு. குறை, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் விளையாடப் போய்விடுவதால் கேக் வெட்டும் நேரத்தில் பிறந்தநாள் பிள்ளைகளையே பந்துக் குளத்துக்குள் தேட வேண்டியிருக்கும்.

கேக் எத்தனை?

இரண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே கேக்கில் இரண்டு பெயர் எழுதுவது பெரியவர்களுக்கு அழகாகத் தெரியும். ஆனால் ஊதும்போது ஒன்று முந்திக்கொள்ளும், மற்றது அணைந்த திரியைப் பார்த்து நிற்கும். திரும்ப ஏற்றினால் முதல் பிள்ளை அதையும் ஊதும். தவிர, ஒரே கேக்கில் எண் வடிவ மெழுகுவர்த்தி இரண்டை அடுத்தடுத்து வைத்தால் 4 வயதுக்காரர்களுக்கு 44 என்று நிற்கும்.

இரண்டு கேக் என்றால் இரண்டு மடங்கு செலவு இல்லை. பேக்கரியில் அரைக் கிலோ கேக் இரண்டு சொல்லுங்கள். அவை பிள்ளைகள் வெட்டுவதற்கு. வடிவம், நிறம், மேலே நிற்கும் பொம்மை எல்லாம் அவரவர் விருப்பம்: ஒன்றுக்கு டைனோசர், ஒன்றுக்கு ரயில் என்று இருக்கட்டும். விருந்தாளிகளுக்குக் கொடுக்க அலங்காரம் இல்லாத செவ்வகக் கேக் ஒன்று 2 கிலோ வாங்கி, அடுப்படியிலேயே சதுரம் சதுரமாக வெட்டித் தயாராக வைத்துவிடுங்கள். ஒரு துண்டு 80 முதல் 100 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 10 முதல் 12 துண்டு வரும். இந்த மூன்று கிலோ 30 பேருக்குத் தாராளம். அலங்காரக் கேக்குக்குத்தான் பேக்கரிகளில் விலை ஏறும். சாதாக் கேக் மலிவு.

சைவம் மட்டும் சாப்பிடும் குடும்பங்கள் வருகிறார்கள் என்றால் எல்லாமே முட்டை இல்லாத கேக்காக இருப்பது நல்லது. எது எந்தக் கேக் என்று அந்த நெரிசலில் யாரும் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஃப்ரெஷ் க்ரீம் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இளகும். வெட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்புவரை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். அதற்கு உங்கள் ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறதா? கேக் அட்டைப் பெட்டியின் நீள அகல உயரத்தைப் பேக்கரியில் கேட்டு, ஃபிரிட்ஜ் தட்டை அளவு நாடாவால் அளந்துவிடுங்கள். இரண்டு பெட்டி என்றால் நடுத் தட்டு ஒன்றைக் கழற்ற வேண்டிவரும். முதல் நாளே தோசைமாவையும் தயிரையும் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிடலாம்.

பெயர்களைத் தாளில் எழுதிப் படம் எடுத்துப் பேக்கரிக்கு அனுப்புங்கள். இரட்டையர் பெயர்கள் பெரும்பாலும் எதுகை மோனையோடு ஒன்றுபோல இருப்பதால் வாய்மொழியாகச் சொன்னால் குழம்பும். வாங்கும்போது பெட்டியைத் திறந்து எழுத்தைச் சரிபாருங்கள். காரில் கேக்கை மடியில் வைக்காமல் கால்வைக்கும் தரையில் வையுங்கள்.

வெட்டும் முறை: முதலில் ஒரு பிள்ளையின் கேக்கில் மட்டும் மெழுகுவர்த்தி. மின்விசிறியை நிறுத்தி, அந்தப் பிள்ளை பெயரை மட்டும் சொல்லி வாழ்த்துப் பாடி, ஊத விடுங்கள், கைதட்டுங்கள். பிறகு அடுத்த கேக், அடுத்த பெயர், திரும்பவும் முழுப் பாட்டு. கூடுதலாக ஆவது ஒரு நிமிடம்தான். யார் முதலில் என்ற கேள்வி வரும். "ரெண்டு நிமிஷம் மூத்தவன்" என்ற கணக்கை இதற்குள் கொண்டுவராதீர்கள்; இந்த வருடம் ஒருவர், அடுத்த வருடம் மற்றவர் என்று மாற்றி, அதை ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வெட்ட ஆளுக்கொரு மரக் கத்தி. முகத்தில் கேக் பூசும் பழக்கம் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். கண்ணில் க்ரீம் போய்ப் பயந்த குழந்தையை அப்புறம் சமாதானப்படுத்துவது கஷ்டம்.

சாப்பாடு

பிள்ளைகளுக்குச் சின்னதாக, காரமில்லாமல், கையால் எடுத்துச் சாப்பிடும்படி இருக்கட்டும். நெய் தடவிய மினி இட்லி, குட்டி மெதுவடை, உருளைக்கிழங்கு பொரியல் உள்ளே வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, ரவா கேசரி. கடைசியில் ஒரு பாத்திரம் தயிர்சாதம் கட்டாயம் வையுங்கள். எதையுமே தொடாத குழந்தை அதை மட்டும் நான்கு வாய் சாப்பிடும். பெரியவர்களுக்கு இதோடு பொங்கலோ கிச்சடியோ, சாம்பார், இரண்டு சட்னி, காபி போதும். மாலை 5 மணிக்குக் கேக் சாப்பிட்டவர்களுக்கு ஃப்ரைட் ரைஸ், பனீர் பட்டர் மசாலா என்று விருந்து வைத்தால் பாதி மிஞ்சும். 30 பேருக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு வாங்கிவிடுங்கள். ஒன்று மீந்தாலும் வீட்டுக்கு ஆகும்.

5 வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் வறுத்த கடலை, பாப்கார்ன், கடினமான உருண்டை மிட்டாய், லாலிபாப் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. திராட்சையை முழுதாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

விழாக்களில் தனிக் கடை போட்டுக் கொடுக்கும் இரண்டு பண்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயில் துணிச் சாயமான ரோடமைன்-பி கலந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அப்படிப்பட்ட பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது. இயந்திரம் கொண்டுவருபவரிடம் நிறம் சேர்க்காத வெள்ளைப் பஞ்சுமிட்டாய் மட்டும் போடச் சொல்லுங்கள். அடுத்தது வாயிலிருந்து புகை விடும் ஸ்மோக் பிஸ்கட். அந்தப் புகை திரவ நைட்ரஜனிலிருந்து வருவது. அந்தத் திரவம் உள்ளே போனால் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும். 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது. எவ்வளவு கூட்டம் சேரும் என்று ஆசை காட்டினாலும் குழந்தைகள் விழாவில் அது வேண்டாம்.

தட்டு, டம்ளர் வாங்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. தெர்மக்கோல் தட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உறிஞ்சுகுழலும்கூட அதில் அடங்கும். பாக்குமட்டைத் தட்டும், வாடகை எவர்சில்வர் டம்ளரும் போதும்.

அலங்காரம்

தீம் என்று ஒன்று வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒருத்திக்கு மஞ்சள், ஒருத்தனுக்குப் பச்சை என்று இரண்டு நிறம் போதும். பலூன், மேசைத் துணி, பெயர்த் தோரணம் எல்லாம் அந்த இரண்டு நிறத்தில் செய்துவிடலாம். பின்னணித் திரையில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் என்றால் ஒரு பட்டுப் புடவையை மடித்துத் தொங்கவிட்டு, சாமந்திச் சரம் நான்கு போட்டாலே போட்டோவில் எடுப்பாக இருக்கும்.

இங்கே அழகைவிடக் கவனிக்க வேண்டியது தீ. மேலே பறக்கும் கேஸ் பலூனில் ஹீலியம் என்றுதான் சொல்வார்கள். மலிவான பலூன்களில் பல நேரம் அடைப்பது ஹைட்ரஜன், எளிதில் தீப்பிடிக்கும் வாயு. மெழுகுவர்த்தி பக்கத்தில் அப்படி ஒரு கொத்து இருந்தால் ஒரு நொடியில் பற்றிவிடும். காற்றடித்த பலூனை நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஸ்நோ ஸ்ப்ரே, ஃபோம் ஸ்ப்ரே கேன்களையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அவற்றில் நுரையைத் தள்ளும் வாயு பெரும்பாலும் எரியக்கூடியது; கேக் வெட்டும் நேரத்தில்தான் எல்லோரும் அதை அடிப்பார்கள். நெட் துணி, நைலான் கவுன் போட்ட குழந்தை அந்த மேசையருகே நிற்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பொறி பறக்கும் மெழுகுவர்த்திக்கும் இதே காரணத்தால் வேண்டாம் என்பேன்.

பலூன் உடைந்தால் ரப்பர் துண்டை உடனே பொறுக்கிவிட வேண்டும். வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கென்றே வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளை ஒன்றை நியமியுங்கள்.

உடை விஷயத்தில் ஒரே மாதிரி போடுவதா, வேறு வேறா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். ஒரே மாதிரிதான் வேண்டும் என்று இரண்டும் அடம் பிடித்தால் போடுங்கள், தப்பில்லை. வேறு வேறு என்றால் அதுவும் சரி. பருத்தித் துணியாக இருக்கட்டும். மாற்று உடை ஆளுக்கு ஒன்று.

ஆளுக்கு ஓர் ஆள்

அம்மாவும் அப்பாவும் அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது. வாசலில் ஒருவர் வருவார், அடுப்படியில் ஒருவர் கூப்பிடுவார். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரை முன்பே பேசி வையுங்கள்: மகனுக்கு மாமா, மகளுக்குச் சித்தி என்று. தண்ணீர் கொடுப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது, மிரண்டால் தூக்கிக்கொண்டு வெளியே ஒரு சுற்று நடப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

இரட்டையரில் ஒன்று கூட்டத்தைக் கண்டால் குதூகலிக்கும், ஒன்று சுருங்கும். சுருங்கும் பிள்ளையை "அவனைப் பாரு, எப்படி ஜாலியா இருக்கான்" என்று ஒப்பிட்டு யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாலாக இருந்தாலும் ஒரு மூலையில் பாயும் தலையணையும் படப்புத்தகமும் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு அதுவே எழுந்து வரும்.

போட்டோ எடுப்பவரிடம் ஒரு சீட்டு கொடுங்கள். மகன் தனியாக, மகள் தனியாக, தாத்தா பாட்டியோடு ஒவ்வொருவரும் தனித்தனியாக, அப்புறம்தான் இருவரும் சேர்ந்து. எழுதிக் கொடுக்காவிட்டால் எல்லாப் படத்திலும் இரண்டு பேரும் சேர்ந்தே இருப்பார்கள்; பின்னால் ஆல்பம் போடும்போது ஒருவருக்கென்று ஒரு படம் தேடினாலும் கிடைக்காது.

விளையாட்டு

அரை மணி நேரத்துக்கு மூன்று விளையாட்டு போதும். கொலகொலையா முந்திரிக்கா வட்டமாக உட்கார்ந்து ஆட ஏற்றது, ஒரு கைக்குட்டைதான் செலவு. 3, 4 வயதுக்காரர்களுக்கு மியூசிக்கல் சேர் ஆடினால் நாற்காலியை எடுக்காதீர்கள். பாட்டு நின்றதும் உட்கார்ந்தாலே வெற்றி என்று வைத்துவிட்டால் அழுகை இல்லை. பொட்டலம் கைமாற்றும் விளையாட்டில் ஒவ்வொரு காகித அடுக்குக்குள்ளும் ஒரு ஸ்டிக்கர் வைத்துச் சுற்றுங்கள்.

பிறந்தநாள் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் எதிராகப் போட்டியில் நிறுத்த வேண்டாம். ஒருவர் பாட்டை நிறுத்தும் பொத்தானை அழுத்தட்டும், ஒருவர் ஸ்டிக்கர் கொடுக்கட்டும். அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். மேஜிக், பொம்மலாட்டம் வைப்பதாக இருந்தால் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று பேசிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைக் குழந்தைகள் காதுக்கு நேராக வைக்காதீர்கள்.

பரிசும் ரிட்டன் கிஃப்டும்

ரிட்டன் கிஃப்ட் வரும் குழந்தைக்கு ஒன்றுதான். பிறந்தநாள் இருவருக்கு என்பதற்காக இரண்டு கொடுக்க வேண்டியதில்லை. மெழுகு க்ரேயான், கதைப் புத்தகம், விதையோடு ஒரு சின்ன மண்தொட்டி எதுவும் நன்றாக இருக்கும். சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம், ப்ரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவை தமிழில் சிறுவர் படப்புத்தகங்கள் போடுகின்றன, மொத்தமாக வாங்கிவிடலாம். சின்ன மஞ்சப்பையில் போட்டுக் கொடுங்கள். வாசலில் இரண்டு பிள்ளைகளும் நின்று மாறி மாறி ஒவ்வொருவருக்கும் கொடுக்கட்டும். பட்டன் பேட்டரி போட்ட பளபள விளக்கு பொம்மைகளை வாங்காதீர்கள்; விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வரும் பரிசுகளைப் போட இரண்டு நிறக் கூடை வையுங்கள். பொதுவாக வந்ததற்கு மூன்றாவது கூடை. கவரில் வரும் பணத்தை ஒரு பெரியவர் கையில் வைத்திருக்கட்டும், யார் என்ன என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பச் செய்ய அது வேண்டும். பரிசுகளை விருந்தாளிகள் முன்னால் பிரிக்காதீர்கள். ஒருவருக்குச் சைக்கிள், மற்றவருக்கு டிபன் பாக்ஸ் என்று வந்திருந்தால் அதைச் சமாளிக்க வீடு காலியாக இருப்பது நல்லது.

தாத்தா பாட்டி, மாமா அத்தை என்ன வாங்கட்டும் என்று கேட்டால் நான் சொல்வது இது: சைக்கிள், பந்து, வண்டி போன்று ஓட்டிச் சண்டை வருகிறவற்றை ஒரே மாதிரி, ஒரே நிறத்தில் இரண்டு வாங்கிப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். புத்தகம், புதிர்ப்படம், கட்டி விளையாடும் கட்டைகளை வேறு வேறாக வாங்குங்கள், மாற்றிக்கொள்வார்கள்.

அன்றைக்கு

முதல் நாள் இரவே பலூன், தோரணம், ரிட்டன் கிஃப்ட் பைகள் முடிந்திருக்க வேண்டும். ஒரு பையில் தீப்பெட்டி, மெழுகுவர்த்திகள், இரண்டு கத்தி, கத்தரிக்கோல், ஒட்டும் டேப், நீட்டு ஒயர், ஈரத்துணி, குப்பைப் பை, காய்ச்சல் மருந்து. தீப்பெட்டியை மறக்காத வீடு அபூர்வம், பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

காலையில் எழுந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பெயர் சொல்லி வாழ்த்துங்கள். அப்பா ஒருவரையும் அம்மா ஒருவரையும் எழுப்பி, பிறகு மாற்றிக்கொள்ளலாம். மதியம் வழக்கமான சாப்பாடு, வழக்கமான தூக்கம். தூங்காவிட்டாலும் திரையை மூடி ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள். 4 மணிக்கு வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். விருந்தாளி வந்த பிறகு பிறந்தநாள் பிள்ளைகள் சாப்பிடாது.

4.30 முதல் 5 வரை வருகை, தரையில் காகிதம் விரித்து க்ரேயானால் கிறுக்கல். 5 மணியிலிருந்து கேக், போட்டோ. 5.20 முதல் 5.50 வரை விளையாட்டு. பிறகு டிஃபன். 6.20 மணிக்கு ரிட்டன் கிஃப்டோடு பிள்ளைகள் வாசலில். வாட்ச்மேனுக்கும் துப்புரவு செய்பவர்களுக்கும் மிஞ்சியதைக் கொடுக்காமல், பந்தி தொடங்கும் முன்பே தனி டப்பாவில் கட்டிவைத்துக் கேக்கோடு கொடுங்கள். இதைப் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் செய்யலாம்.

மறுநாள்

பரிசு பிரிப்பது மறுநாள் சாயங்காலம். ஒரு கூடையிலிருந்து ஒன்று, அடுத்த கூடையிலிருந்து ஒன்று என்று மாறி மாறி. யார் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே பிரியுங்கள், அங்கேயே போனில் இரண்டு பிள்ளைகள் குரலிலும் ஒரு நன்றிச் செய்தி பதிந்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே புத்தகம் இரண்டு வந்திருந்தால் ஒன்றைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கலாம். வாடகை டம்ளரை எண்ணித் திருப்பிக் கொடுங்கள், ஹாலுக்குக் கட்டிய முன்பணத்தை அன்றே கேட்டு வாங்குங்கள். அப்புறம் கவர்ப் பணம் எழுதிய நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் இந்த வருடம் யார் முதலில் கேக் வெட்டியது என்று எழுதி வையுங்கள்; அடுத்த வருடம் இரண்டு பேருமே "போன தடவை நீதான்" என்பார்கள்.